அக்காவின் பெயரில் அனுப்பிய பதில்

செவ்வாய், இரவு

பல்கலைக்கழக வகுப்பைக் கணினியில் திறந்து வைத்துவிட்டு, அக்கா இன்றும் போர்வைக்குள் போய்விட்டாள். வழக்கம்போல் நான்தான் குறிப்பெடுத்தேன். விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். திரை முழுவதும் கறுப்புக் கட்டங்கள், யாரும் பேசவில்லை. "யாராவது இருக்கிறீர்களா?" என்றார். பாவமாக இருந்தது. பதிலை எழுதி அனுப்பிவிட்டேன். அவர் அக்காவின் பெயரைச் சொல்லிப் பாராட்டி, அடுத்த கிழமை நேரில் வந்து எல்லோருக்கும் விளக்கச் சொன்னார்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். எழும்பி உட்கார்ந்து, "உனக்கு உது விளங்குதோடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம்."

"எனக்கு முதல் கிழமையிலயிருந்தே ஒண்டும் விளங்கேல்லை. அம்மாட்டச் சொல்லிப்போடாதை."

அந்த நேரம் பார்த்து, சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து, "பிள்ளை, அக்கா படிக்கிறாளோ?" என்று கேட்டார்.

நான் கணினியில் விரிவுரையாளரின் குரலைக் கூட்டி வைத்தேன்.