செல்வா, பந்தில் இன்னும் சாம்பிராணி மணக்கிறது

என் முகத்தைப் பார்த்தபடியே விளையாடிய செல்வாவுக்கு,

போட்டி முடிந்துவிட்டது. வெளிநாட்டு அணிகளெல்லாம் விமானம் ஏறிவிட்டன. மண்டபத்தில் நம் கோல் கம்பங்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மறுபடியும் பேட்மிண்டன் வலை கட்டிவிட்டார்கள். இதையெல்லாம் உனக்கு யார் சொல்வார்கள்? நான்தான் சொல்ல வேண்டும்.

உன் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் படம் போட வேண்டும் என்று உன் அம்மா சொன்னார். மாலை போட்ட படம், கீழே நாலு வரிக் கவிதை, அதற்கும் கீழே குடும்பத்தார் பெயர்கள். கவிதையைப் படித்துக் காட்டினார்கள். நீ தென்றலாம், நிலவாம். பொறுக்க முடியாமல், "வேணாம்மா, நானே எழுதுறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். தெலுக் பங்லிமா காராங் பெயிண்ட் தொழிற்சாலை லேப்பில் நான் தினமும் எழுதுவது கெட்டித்தன்மை, பளபளப்பு, உலரும் நேரம். சுற்றி வளைத்து எழுத வராது. பொறுத்துக்கொள்.

பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் ஓரமாக நில். நாங்கள் ஆடியது ஹேண்ட்பால். பள்ளிக்கூடத்தில் போலா பாலிங் என்பார்களே, அதற்கு அண்ணன். பக்கத்துக்கு ஏழு பேர். கையால் எறிந்து கோல் போட வேண்டும். கோலுக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கோடு இருக்கும். அதற்குள் கோல்கீப்பர் மட்டும்தான் கால் வைக்கலாம். ஆனால் கோட்டுக்கு வெளியே எம்பி, உள்ளே காற்றில் போய், கால் தரையில் படுவதற்குள் எறிந்துவிட்டால் அது கோல். தரை தொடும்வரை அந்த இடம் உன்னுடையது. விதி அவ்வளவுதான்.

இந்த விதியை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வருடமாகத்தான் அது எனக்கே புதிதாகக் கேட்கிறது.

நீ நின்றது அந்தக் கோட்டின் மேல். எதிரணித் தடியன்கள் நடுவில், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எல்லாரும் கோலைப் பார்த்து ஆடுவார்கள், நீ மட்டும் என்னைப் பார்த்து ஆடினாய். உன் புருவம் அசைந்தால் போதும், எவனாவது ஒருவனின் அக்குளுக்குக் கீழே பந்தை விடுவேன். பிடிப்பாய், இடப்பக்கம் திரும்புவாய், எம்புவாய். எப்போதும் இடப்பக்கம். அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், ஏன் இவன் வலப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறான் என்று. "தொட்டில்லயே அவன் இடப்பக்கம்தான் திரும்பிப் படுப்பான்பா" என்றார். என் தொழில்நுட்பக் கேள்விக்கு இப்படி ஒரு பதில்.

பசை ஞாபகம் இருக்கிறதா? பந்து வழுக்காமல் இருக்க விரலில் பூசுகிற பசை. வெளிநாட்டு டின் வாங்கக் கட்டுப்படியாகாது. "மரப்பிசின்தானே மச்சான், குங்கிலியமும் மரப்பிசின்தான் லா" என்று என்னை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு இழுத்துப் போனாய். கடைக்கார பாய் கேட்டார், "வீட்டுக்கா தம்பி, கோயிலுக்கா?" நீ முகத்தை மாற்றாமல் சொன்னாய்: "பந்துக்கு பாய்." அவர் ஒரு நொடி நம்மைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிடி சாம்பிராணியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டாய். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையலறையில், பால் டின்னில், தேங்காய் எண்ணெய் விட்டு, கண் அளவில். நான் தராசு கொண்டுவரட்டுமா என்றதற்கு, "இது உன் பெயிண்ட் இல்லடா" என்றாய். அம்மா வாசலில் நின்று திட்டினார். "சாமிக்குப் போடுறதை கையில பூசிக்கிட்டு தரையில உருளுவீங்களா? பாவம் இல்லயாடா?"

"கோல் விழுந்தா அது சாமிக்குத்தானேம்மா!"

மறுநாள் பயிற்சியில் பந்து சூடாகச் சூடாக மண்டபம் முழுக்க வெள்ளிக்கிழமை வாசனை. காவலாளி 'ஆப்பி, ஆப்பி' என்று மலாயில் கத்திக்கொண்டே நெருப்பைத் தேடி ஓடிவந்தார். எதிரணி கோல்கீப்பர் தும்மிக்கொண்டே இரண்டு கோல் விட்டான். அதன் பிறகு நீ சாம்பிராணியை விடவே இல்லை. பந்து கையில் ஒட்டியது குங்கிலியத்தால். ஆனால் நமக்குப் பந்தின் அடையாளம் அந்த மணம்தான்.

பிறகு உனக்குக் காய்ச்சல். பயிற்சிக் களைப்பு என்று நினைத்தோம். ஒரு கொசு. அத்தனை தடியன்களாலும் அசைக்க முடியாத உன்னை ஒரு கொசு சாய்த்தது. டாக்டர், ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன என்றார். "குறைஞ்சா ஏத்துங்க!" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நம் ஊரிலேயே நடக்கும் பல நாட்டுப் போட்டி. நீயும் நானும் நாட்டு அணிச் சட்டை போட்டுக்கொண்டு இறங்க வேண்டிய போட்டி. உன் பையிலிருந்த பசை டின்னை மட்டும் அம்மா என்னிடம் கொடுத்தார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

உன் இடத்துக்கு ஜமில் வந்தான். கம்போங் மேடான்காரன், லோரி ஓட்டுகிறான். தோள் உன்னைவிட அகலம். என்னை 'பாங்' என்பான், நாம் அண்ணே என்கிற மாதிரி. மலாயில்தான் பேசுவான், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். நல்ல ஆட்டக்காரன். ஒரே குறை, அவன் வலப்பக்கம் திரும்புவான்.

நான் இடப்பக்கமே போட்டேன்.

வேண்டுமென்று இல்லை, செல்வா. கை தானாகப் போனது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போது கண் செருகும். ஜன்னலுக்கு வெளியே ஷா ஆலம் மெல்ல மிதந்து போகும். கண்ணுக்குள் மண்டபம் முழுக்கப் புகை. பந்து என் கையை விட்டுப் போகிறது, அவசரமே இல்லாமல், தண்ணீருக்குள் விட்ட பூ மாதிரி. புகைக்குள் நீ புருவத்தை அசைக்கிறாய். இடப்பக்கம். விழித்தால் ஸ்டேஷன் வந்திருக்கும். இறங்கி ஆடப் போனால் அந்தக் கனவையும் தூக்கிக்கொண்டு போனேன் போல.

முதல் ஆட்டம் போனது. அடுத்ததும் போனது. நான் விட்ட பந்தெல்லாம் ஜமிலின் முதுகுக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்தில் போய் விழுந்தது. கேலரியில் நம் பிரிக்பீல்ட்ஸ் கூட்டம். அவர்கள் வாயைத்தான் உனக்குத் தெரியுமே.

"டேய் குமரா! அங்க யாருக்குடா போடுற? பேய்க்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவனுக்குத் தெரியாது, அவன் சரியாகச் சொன்னான் என்று.

கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஜமில் வலப்பக்கம் திரும்புறான், நீ இடப்பக்கம் போடுற. கண்ணு தெரியலயா?"

"தெரியுது கோச்."

"அப்புறம்?"

குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். கோச் விடவில்லை. "கடைசி ஆட்டம். பாதி வரைக்கும் பார்ப்பேன். மாறலன்னா நீ பெஞ்ச்ல உட்காரு. சொந்த ஊர்ல ஒரு புள்ளி கூட இல்லாம வெளிய போறது எனக்கு வெட்கமா இருக்கு." எனக்கும்தான். இந்தச் சட்டைக்காக நாம் எத்தனை வருடம் ஓடினோம்?

அதைவிடக் கஷ்டம் வெள்ளிக்கிழமைகள். அம்மாவைப் பார்க்கப் போவேன். விளக்கு வைத்துவிட்டுக் கேட்பார். "அவன் இடத்துல இப்ப யாருப்பா நிக்கிறா?" ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி. "யாரோ ஒருத்தன்மா" என்பேன். அவர் தலையாட்டுவார், பதில் வராத மாதிரி.

கடைசி ஆட்டம். பாதியில் ஒரு கோல் பின்னால் இருந்தோம். என் பாஸ்கள் பழையபடிதான். அபூர்வமாகச் சரியாக வந்த இரண்டையும் ஜமில் நழுவவிட்டான். வியர்வை. இடைவேளையில் அவன் பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். நான் ஒதுங்கி நின்று உன் டின்னைத் திறந்தேன். என் விரலுக்கு மட்டும் ஒரு துளி. இந்தப் போட்டி முழுக்க அப்படித்தான் செய்தேன், யாருக்கும் காட்டாமல்.

"பாங்," என்றான் ஜமில், நிமிராமலே. "உங்க பாஸ் நல்ல பாஸ்தான். எனக்குத்தான் வரல."

நான் டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அது செல்வா நின்ன இடம்னு எனக்குத் தெரியும். அவர் இடப்பக்கம் திரும்புவாராமே, கோச் சொன்னார். நானும் இடப்பக்கமே திரும்புறேன் பாங். இன்னும் பாதி ஆட்டம் இருக்கு, பழகிக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவன் மேல் இல்லை. எவன் மேல் என்றும் தெரியவில்லை. ஒரு லோரிக்காரன், நல்ல வலப்பக்கக்காரன், என் கண்ணில் நீ தெரிவதற்காகத் தன் உடம்பையே திருப்பி மாட்டிக்கொள்ளப் பார்க்கிறான். அப்படி ஒருவனை நீ கோட்டில் நிறுத்தியிருப்பாயா?

"திரும்பாதே," என்றேன். "உன் பக்கமே திரும்பு. நான் போடுறேன்."

டின்னை அவனிடம் நீட்டினேன். அவன் ஒரு விரல் மட்டும் தொட்டான். எனக்குப் பொறுமை ஏது? டின்னைப் பிடுங்கி, அடியைச் சுரண்டி, இருந்தது முழுவதையும் அவன் இரண்டு உள்ளங்கையிலும் அப்பிவிட்டேன். அவன் கையை மூக்கருகே கொண்டுபோனான். "என்ன வாசனை பாங் இது? முதல் நாள்லேர்ந்து கேட்கணும்னு இருந்தேன்."

"அப்புறம் சொல்றேன். எழுந்திரு."

கடைசி நிமிடம். இன்னும் அதே ஒரு கோல் பின்னால். பந்து என் கையில், மண்டபம் முழுக்க உன் சமையலறை. எதிரே கோட்டில் ஒரு முகம் என்னைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. நீ இடப்பக்கம் திரும்பினாய். ஜமில் வலப்பக்கம் திரும்பினான். ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், இரட்டைக் கதவு இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி. என்னிடம் இருந்ததோ ஒரே பந்து.

வலப்பக்கம் போட்டேன்.

அவன் கையில் அது ஒட்டியது. எம்பினான். கோட்டுக்கு மேலே, அந்த யாரும் கால் வைக்கக்கூடாத இடத்துக்கு மேலே, வெகுநேரம் இருந்தான். அவ்வளவு நேரம் யாரும் காற்றில் இருக்க முடியாது, இயற்பியல் படித்தவன் சொல்கிறேன். பிறகு வலை அசைந்தது. அவன் விழுந்தான். ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது.

ஜெயித்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். சமன். போட்டி முழுக்க நமக்குக் கிடைத்தது அந்த ஒரு புள்ளிதான். கோச் அழுதார். நம் பிரிக்பீல்ட்ஸ் கூட்டம் கோப்பை வாங்கிய மாதிரி கத்தியது.

போன வெள்ளிக்கிழமை ஜமிலை மினி பஸ்ஸில் ஏற்றி அம்மாவிடம் கூட்டிப்போனேன். அம்மா சாம்பிராணித் தட்டோடு அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தார். ஜமில் வாசலில் செருப்பைக் கழற்றியவன், அப்படியே நின்றுவிட்டான். மூச்சை இழுத்தான்.

"பாங்... இது நம்ம பந்து."

அம்மா புகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "யாருப்பா இது?"

"செல்வா இடத்துல நிக்கிறவன்மா."

ஒரு வருடக் கேள்விக்குப் பதில். வாயில் வருவதற்கு ஏன் அவ்வளவு நாள் ஆனது, சொல்? அம்மா தட்டைக் கீழே வைத்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான்?"

மொழிபெயர்த்தேன். ஜமில் வெகு அக்கறையாக யோசித்துவிட்டு, "மல்லாக்க, மாக்சிக்" என்றான், நாம் அத்தை என்கிற மாதிரி. அம்மா சிரித்தார், செல்வா. உன் காரியம் முடிந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. "வெள்ளிக்கிழமை சைவம்தான், சாப்பிடுவானா கேளு" என்றபடி உள்ளே போனார். அவன் மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்தான்.

டின் காலி. அளவை நீ சொல்லிவிட்டுப் போகவில்லை. வரும் வெள்ளிக்கிழமை அம்மாவின் அடுப்பில் நானே காய்ச்சப் போகிறேன், தராசு இல்லாமல். கெட்டுப்போனால் மறுபடியும் காய்ச்சுவேன். எப்படியும் சாம்பிராணி இருக்கும்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இனி ஆட்டத்தில் பந்து ஜமிலுக்கு, வலப்பக்கம். பயிற்சி முடிந்து எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போனதும், ஒரே ஒரு பந்து உனக்கு, இடப்பக்கம், யாரும் இல்லாத அந்த இடத்துக்கு. எவன் வேண்டுமானாலும் பேய்க்கா என்று கேட்கட்டும். தரை தொடும்வரை அந்த இடம் உன்னுடையது. நீ இறங்கிவிடாதே.

உன் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைப் பிள்ளை,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
குமரன், கிள்ளான்