தங்கை நிற்கும் பக்கம்

மார்ச் 4

கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர் ஒருவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் குத்துமதிப்பாக அடித்துவிட்டார். "தெரியுதா, சும்மா சொல்றீங்களா?" என்றேன். "ரெண்டும்தாம்மா" என்றார். நேர்மையான மனிதர். என் தங்கை அப்படியா?

அவள் வேறு ஊரில் இருக்கிறாள். ஆனாலும் ஒரே கணக்கில்தான் இருவரும் மின்னூல் படிக்கிறோம்; ஒருத்தி வாங்கினால் இருவருக்கும் ஆச்சு. யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்பதையும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். நான் முடித்த ஒரு குண்டு நாவலைப் பற்றி அவள் தன் அலுவலக வாசகர் வட்டத்தில் தானும் படித்த மாதிரி பேசி, பலத்த கைதட்டு வாங்கினாளாம். நிற்பது பத்தொன்பதாம் பக்கத்தில். விடுவேனா? வலைப்பூவில் எழுதிவிட்டேன்.

மார்ச் 6

அடேயப்பா, என்ன கூட்டம்! வழக்கமாக என் வலைப்பூவை நானும் என் கணவரும்தான் படிப்போம். அவரும் நான் பக்கத்தில் நின்றால்தான்.

மார்ச் 7

அந்தக் கூட்டத்தில் வாசகர் வட்டமும் இருந்திருக்கிறது. தங்கை போன் செய்தாள். "பேரு போடலைன்னா யாருன்னு தெரியாதா? உனக்கு இருக்கறதே ஒரு தங்கச்சி. பொழுது போகலைன்னா என் மானத்த வாங்குவியா?"

நான் சிரித்துத் தொலைத்தேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 12

தங்கை என் போனை எடுப்பதில்லை. "அந்தப் பதிவ எடுத்துடேன்" என்கிறார் கணவர். எப்படி எடுப்பது? நாலு பேர் படித்த ஒரே பதிவு.

மார்ச் 15

தங்கை பக்கம் எழுபத்திரண்டில் நிற்கிறாள். படிக்கிறாள்! ரோஷக்காரி.

மார்ச் 16

கை சும்மா இருக்குமா? எண்பதாம் பக்க ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: 'தோட்டக்காரன்தான் கொலைகாரன்.' அந்த நாவலில் கொலையே கிடையாது.

மார்ச் 17

குறிப்பை அழித்திருக்கிறாள். பதில் இல்லை. ஆனால் அழிப்பதற்கு முன்னால் படித்திருப்பாள்தானே?

மார்ச் 21

இன்னும் நாலைந்து குறிப்பு வைத்துப் பார்த்தேன். எல்லாம் காலி. இன்று கருவி என்னையே வெளியே தள்ளிவிட்டது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள்.

என்ன திமிரு இவளுக்கு — நான்தானே பெரியவ? போன் பண்ணா எடுக்க மாட்டாளாமா?

வேறு புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். வாங்கி? நல்லா இருக்குன்னு யார்கிட்ட சொல்ல? மட்டமா இருந்தா யார்கூடச் சேர்ந்து திட்ட? அவ பேசாம இருக்கறது எனக்குத் தாங்கலை. அவ்வளவுதான்.

மார்ச் 22

பதிவை எடுத்துவிட்டேன். கணவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்கிற முகம் அது.

மார்ச் 24

கடையில் நல்ல கூட்ட நேரத்தில் தங்கை கூப்பிட்டாள்.

"எடுத்துட்ட போல."

"ம்."

"பாஸ்வேர்டு வேணுமா?"

"வேணும்."

"ஒவ்வொரு எழுத்தா சொல்றேன். திருப்பிச் சொல்லு. சத்தமா."

ஏ, கே, கே, ஏ என்று ஆரம்பித்தேன். எல், ஓ, ஓ வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பியிருந்தார்கள். எஸ், யு என்று முடித்தேன்.

"இப்ப சேர்த்துப் படி" என்றாள்.

"அக்கா லூசு."

"கேக்கலை."

இன்னொரு முறை சொன்னேன்.