எட்செல் காரின் பின்பக்கப் படம்

லாசால், மொன்றியல்

அன்பு மகன் டனிஸ்ரனுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் இங்கே சுகம், உன்னையும் அவளே அந்த அரிசோனா வெயிலில் வாடாமல் பார்த்துக்கொள்ளட்டும். போனில் கூப்பிட்டால் "பேந்து கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். உன் தங்கை ஜொய்சியின் மகள் கார்டரிக்கு, அதுதான் குழந்தைகள் காப்பகத்துக்கு, போகத் தொடங்கிவிட்டாள், இப்போது என்னோடு சண்டை பிடிப்பதும் பிரெஞ்சில்தான். பனிக்குக் கொட்டிய, காரைத் துருப்பிடிக்க வைக்கும் வீதி உப்பு மழையில் கழுவுப்பட்டுப் போனதால் பழைய கார்க்காரர்கள் வெளியே வரத் தொடங்கிவிட்டார்கள். போன சனிக்கிழமை டெப்பனர் கடை வாசலில் ஒரு பழைய பேசர் கார் நின்றது, ஒரு காலத்தில் ஊரே சிரித்த வண்டி, மீன் தொட்டி மாதிரிச் சுற்றிவரக் கண்ணாடி. நான் பால் வாங்க மறந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்பா "உதிலை என்ன புதினம்?" என்கிறார். அவருக்குக் கார் என்றால் நாலு சில்லும் ஒரு ஹீற்றரும்.

இனி நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். எட்செல், ஐம்பத்தெட்டாம் ஆண்டு, ஸ்டேஷன் வாகன். யோசிக்கவே இல்லை. சின்ன வயதில் பஸ் தரிப்பில் நின்று பின்பக்கத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும் நம் விளையாட்டை நீ மறக்கவில்லை, நானும் தோற்கவில்லை. அந்த வளைந்த சிவப்பு லைற்றுகளே காட்டிக்கொடுத்துவிட்டன. இடப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டால் பின்னால் வருபவருக்கு வலப்பக்கம் அம்பு காட்டுவதுபோல் தெரியுமாம், அப்படி ஒரு வண்டியை யார் வாங்குவார்கள்? பிறகு, பம்பர் பழசா, புதிதாகக் குரோம் பூசியதா என்று பார்க்கப் படத்தைப் பெருப்பித்தேன். நான் எப்போதும் அப்படிப் பார்ப்பேன் என்பது உனக்குத் தெரியும். கண்ணாடி மாதிரி மினுங்கும் பம்பருக்குள் நீ போனைப் பிடித்தபடி நிற்கிறாய், உன் தோளில் கை வைத்தபடி ஒரு பெண். அவளுக்கு வயிறு முன்னுக்கு நிற்கிறது. "பம்பர் ஆக்களை அகலமாத்தான் காட்டும்" என்று அப்பா வாதாடினார். அப்படியென்றால் உன்னையும் அல்லவா காட்டவேண்டும், நீ வழக்கம்போல ஒட்டி உலர்ந்துதான் நிற்கிறாய். ஆறு மாதம் என்கிறேன், ஏழாகவும் இருக்கலாம்.

அப்பா "அவனாச் சொல்லுமட்டும் கேளாதை" என்றார். நீ சொல்லிவிட்டாய் மகனே, ஒளிக்க நினைத்திருந்தால் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பாய். ரொறன்ரோச் சம்பந்தத்தை நீ வேண்டாமென்றபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை, அது ஒரு கிழமையோடு போய்விட்டது, நீதான் வருஷக்கணக்காகப் பயந்துகொண்டிருக்கிறாய். அவள் எந்தப் பாஷை, எந்தக் கோயில் என்று நான் கேட்கமாட்டேன். படத்தைப் பார்த்து அழுதேன், என் பிள்ளை அங்கே தனியாக இல்லை என்ற சந்தோஷத்தில் அழுதேன். ஆனால் இந்த நிலையில் அவளை வெயிலில் நிறுத்தி உனக்கு என்ன கார்ப்படம் வேண்டிக்கிடக்கிறது? நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல், பாரம் தூக்க விடாதே. ஜூலையில் எனக்கு வேலையில் லீவு கிடைத்துவிட்டது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூளும் இடித்து வைத்துவிட்டேன், வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் ஆசீர்வதிப்பாராக. மறக்காமல் இன்னொரு படம் அனுப்பு, கார் இல்லாமல், அவளுடைய முகம் தெளிவாகத் தெரியும்படி. கீழே அவளுடைய பெயரையும் எழுது, அதை மட்டும் என்னால் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
உன்மேல் கோபமே இல்லாத
அம்மா