இரண்டு முறை இழுத்த கயிறு

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நடந்தது எல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். உன் விண்ணப்பத்தைப் பார்த்துக் கப்பல் அனுப்புவார்கள் என்றேன், அனுப்பினார்கள். வெள்ளைக் கப்பல் என்றேன், வெள்ளைதான். கடலடியில் நேர்கோடு தெரியும் என்றேன், தெரிந்தது. கடைசியில் கையை விரித்துவிட்டுப் போவார்கள் என்றும் சொன்னேன், அதை மட்டும் சித்தி இல்லை என்கிறாள், அவளுக்கு ஞாபகம் குறைச்சல்.

கடல் கொண்ட தமிழ் நிலத்தைத் தேட வந்தவர்களுக்கு அது எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. நான்தான் ஏறிப் போய்க் காட்டினேன். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் மணிக்கூண்டு வர வேண்டும், வலப்பக்கம் பாலத்தின் மூன்றாவது தூண் விளக்குக் கம்பத்தை மறைக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகக் கூடுகிற இடம்தான் உன் அப்பா கடைசியாக முக்குளிக்க இறங்கின இடம் என்றேன். அவர்கள் கருவியைத் தட்டிப் பார்த்தார்கள், நீ எழுதிக் கொடுத்திருந்த இடத்துக்கும் என் கண்ணுக்கும் பத்தடிகூட வித்தியாசம் இல்லை. கேப்டன் எனக்காகத் தொப்பியைக் கழற்றினார். காற்றில் பறக்கும் என்று கழற்றியிருப்பார் என்கிறாள் சித்தி, அவள் கரையில் இருந்தவள், அவளுக்கு என்ன தெரியும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது, இல்லாவிட்டால் அந்தக் கப்பலை நானே ஓட்டியிருப்பேன்.

பின்னால் சுறா நீளத்துக்கு மஞ்சளாக ஒன்றைக் கட்டி இழுத்தார்கள், அது சத்தம் அனுப்பித் தரையைத் தடவிப் பார்த்துத் திரையில் படம் போடும். மூன்றாம் நாள் காலையில் நான்கு கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, படிக்கட்டு மாதிரியே. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லப் போய் யாரோ வைத்திருந்த டீயைக் கவிழ்த்துவிட்டேன். உன் சித்தி சொல்வது உனக்குத் தெரியுமே, இந்த மனுஷன் கையைக் கட்டிப்போட்டால் வாய் தானாக நின்றுவிடும் என்று. மறுநாள் முக்குளிப்பவர்கள் கேமராவோடு இறங்கினார்கள். ஆராய்ச்சிக்குத் தலைமையாக வந்த அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். உளி பட்ட தடம் எங்கேயும் இல்லை, பாறை தானாகவே இப்படி நேராகப் பிளக்கும் ஐயா, மன்னிக்கணும் என்றார். எனக்கு அது பன்னிரண்டு வயதிலேயே தெரியும் என்றேன்.

கப்பல் போன பிறகு துறைமுக வாசலில் நின்றேன். நம் பக்கம் போகிற பஸ் இரண்டு வந்து போனது, ஏறத் தோன்றவில்லை. வருத்தமா என்றால் வருத்தமும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், செய்தி பார்க்கிறேன். வலது கையில் மூன்று விரல் மரத்துப்போயிருக்கிறது, நரம்பு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், சட்டைப் பொத்தான் போடச் சித்தி வேண்டியிருக்கிறது. வீட்டில் வேறு விசேஷம் இல்லை. மாடிக் குழாய் ஒழுகினதைச் சரி செய்தாயிற்று. உன் அறையில் சித்தி துணி காயப்போடுகிறாள், நீ வருகிறாய் என்றால் எடுத்துவிடுவாள்.

உன் கடிதம் நேற்று வந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டாய், அடுத்த மாதம் நீயே வந்து இறங்கப்போகிறாய், பாறைக்கு அந்தப் பக்கம், இன்னும் ஆழத்தில். கூட வேலை செய்கிறவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் நீ கேட்கவில்லை. "அப்பா ரெண்டு தடவை இழுத்தார்தானே சித்தப்பா, எதையோ பார்க்காமல் இன்னும் கயிறு கேட்டிருப்பாரா" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். உனக்குப் பாடமே ஆகியிருக்கும், ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் இன்னும் விடு, மூன்று என்றால் தூக்கு. நீ இந்தக் கடலடி ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனதே அந்த இரண்டால்தான், தெரியும்.

சித்திக்குக்கூடத் தெரியாததை எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு சரக்குப் படகு விட்டுப்போன நங்கூரத்தை எடுக்க அண்ணன் இறங்கினார், படிக்கட்டைத் தேடி இல்லை. காற்று அனுப்பும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, கயிறு என் பொறுப்பு. படகில் இருந்த இரண்டு பேருக்கு நான் கடல் கொண்ட நிலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், நாற்பத்தொன்பது நாடு, ஒரே அலை. அந்த அலை எத்தனை உயரம் என்று காட்ட எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கயிற்றைக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன். சொல்லி முடித்துத் திரும்பினபோது தண்ணீரில் குமிழி இல்லை. காற்றுக்குழாய் அந்தப் பிளவுகளில் ஒன்றில் மாட்டி நசுங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ, அம்மா இல்லாத ஒன்பது வயதுப் பிள்ளை, அழாமல் உட்கார்ந்து அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாய். ரெண்டு தடவை இழுத்தார், கீழே படிக்கட்டைப் பார்த்திருப்பார் என்றேன். படிக்கட்டு இல்லை என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு இழுப்பும் இல்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டும், அது என் கற்பனை. அவர் இழுத்தாரா, எத்தனை தடவை இழுத்தார் என்று எனக்குத் தெரியாது. கயிறு என் கையில் இல்லை.

லீவு எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும், வீட்டுக்கு வா, அந்த இடத்தில் இறங்க வேண்டாம். வேறு எங்கே இறங்கினாலும் கயிறு பிடிக்கிறவர் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கு. நூறு வயது இரு கண்ணு, இதில் நான் கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை.

உன்
சித்தப்பா