தேயாத பூச்சு

மஸ்கட்,
12.6.2014

அன்புள்ள அப்பாவுக்கு வெற்றிவேல் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? மயிலம் பக்கம் மழை உண்டா? தங்கச்சி கலைமதி, அப்பாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டு.

கார் பெயின்ட் மேல் பூசும் மூன்று பாலிஷ்களில் எது நீடித்து உழைக்கும் என்று பார்த்துச் சொல்ல முதலாளி என்னிடம் விட்டிருந்தார். பழைய பானட் ஒன்றில் மூன்றையும் கட்டம் கட்டிப் பூசி, ஆறு மாதம் வெயிலில் போட்டுவைத்தேன். இரண்டு போய்விட்டன. மூன்றாவதில் இன்னும் தண்ணீர் முத்து முத்தாக உருள்கிறது. திண்டிவனம் பைபாஸில் நாம் கடை போட்டால் அதையேதான் வாங்க வேண்டும்.

வழவழப்பு தெரிய வெறும் விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். அதில் ஒரு சின்னக் கோளாறு. இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கப் போன வாரம் போனேன். மெஷின் என் ரேகையை எடுக்கவில்லை. கூட வந்த அறைத்தோழன் ராம்கி, "இன்னாடா, உன் வெரலு கண்ணாடியாட்டம் கீது!" என்று சிரித்தான். மூன்று மாதம் பாலிஷைத் தொடாவிட்டால் ரேகை திரும்புமாம். முதலாளியோ வேறு வேலை இல்லை என்கிறார். அட்டை இல்லாமல் லீவில் வர முடியாது. பொங்கலுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

நான் கைநாட்டு ஆகிவிடக் கூடாது என்றுதானே படிக்கவைத்தீர்கள்? இப்போது வைக்கச் சொன்னாலும் என்னால் முடியாது.

லீவில் வந்து இதைத் தரும் ராம்கி திரும்பும்போது, அவனிடம் வறுத்த மல்லாட்டையும் (இங்கே விற்கும் வேர்க்கடலையில் ருசியில்லை), விரலில் தடவ விளக்கெண்ணெயும் கொடுத்தனுப்புங்கள். அவனுக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். கலைமதி பதில் எழுதியதும், அடியில் உங்கள் கைநாட்டை அழுத்தி வையுங்கள் அப்பா. ரேகை நன்றாகத் தெரிய வேண்டும்.

வெற்றிவேல்