விற்காமல் போன வயல்

ஐப்பசி, ஞாயிறு இரவு

கோட்டுச்சேரிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலை வாங்குவதற்காக இன்று அம்பகரத்தூரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை. வயலைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. "இங்கேயே வீடு கட்டிக்கிட்டு வந்துடலாங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே நின்றார். தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை. குழந்தையின் வாயைக் கழுவ அவள் பம்பை நோக்கி நடந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"அது உப்பும்மா. கடல்தண்ணி அடியில ஏறிடுச்சு. மழை பெஞ்சாலும் இப்பல்லாம் மாற மாட்டேங்குது. போட்ட நெல்லு கருகிப்போச்சு. ஒன் புள்ளைக்கு இந்த எடம் ஆவாது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருப்பீங்கக்கா" என்றாள். போய்விட்டார்கள்.

வண்டியில் வரும்போது இவர் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர், தட்டைப் பார்த்தபடி கேட்டார்: "அவங்க புள்ளைக்கு ஆவாதுன்னுட்டே. சரி. நம்ம அபிக்கு மட்டும் ஆவுமா?"

விற்றால் மேற்கே எங்காவது நல்ல தண்ணீர் உள்ள இடமாக எங்கள் மகள் அபிக்கு வாங்கலாம் என்றிருந்தோம். நான் சொன்னது தப்பென்று இப்போதும் தோன்றவில்லை. ஆனாலும் அழுகை நிற்கவில்லை. அபி என் பக்கத்தில் தூங்குகிறாள். அந்த வயலைத் தவிர அவளுக்கு விட்டுப்போக எங்களிடம் வேறு எதுவும் இல்லை.