கண்ணுக்குள் ஒரு பழுப்பு ஷீட்

அப்பா,

எந்த நாளில் தொடங்கியது என்று என்னிடம் கேட்டீர்கள். அன்றும் எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

இன்று காலை கல்லூரிக்குப் போகும் வழியில் குலசேகரத்தில் பேருந்து நின்றபோது, முன்னால் நின்ற லாரியிலிருந்து புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் வாடை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

ஷீட் வாங்குகிற உங்கள் கடையில் தரம் பார்க்க எந்தக் கருவியும் இருந்ததில்லை. ஷீட்டை இரண்டு கையாலும் வானத்துக்கு நேரே பிடிப்பீர்கள். வெளிச்சம் தேன்நிறமாக ஊடுருவி வந்தால் நல்ல ஷீட். குமிழியோ புள்ளியோ மங்கலோ தெரிந்தால் இரண்டாம் தரம். நீங்கள் சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதில்லை, தங்கம் அக்கா சண்டைக்கு வந்த நாள் வரை. கணவர் போன பிறகு அரை ஏக்கர் மரத்தில் தானே பால் வெட்டி, உறைந்த பாலை உருளையில் கொடுத்துத் தானே ஷீட் அடிக்கிறவர் அவர்.

“அண்ணே, பால அரிச்சு அரிச்சு கை ஓஞ்சு போச்சு. இதுல ஒரு தூசி காட்டுங்க பாப்போம்.”

“தூசி இல்லட்டி. மங்கல். உள்ள புகை மாதிரி நிக்கு.”

“நாலு வாரமா எனக்க ஷீட்டு மட்டும் மங்கலா? கண்ணத் தொடச்சிட்டுப் பாரும்!”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கம் அக்கா சிரிக்கவில்லை. “ஆள் பாத்துத் தரம் போடுதாருன்னு ஊரே பேசுது. நான் நம்பல்ல. இனி நம்புவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

அவர் விட்டுப்போன ஷீட்டை நான் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. சொன்னேன்.

“நீ காலேஜில லைட்டப் பத்திப் பாடம் எடு மக்கா. ரப்பர எனக்கிட்ட விடு.”

கண்ணாடி மாற்றலாம் என்று பொய் சொல்லித்தான் உங்களை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் கண்புரை.

கண்ணின் படத்தைப் பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். முன்னால் கருவிழியின் தெளிந்த படலம், நடுவில் பாவை, அதன் பின்னால் லென்ஸ், கடைசியில் விழித்திரை. லென்ஸை ஒரு கண்ணாடித் துண்டு போலவே வரைந்துவிட்டு நகர்ந்துவிடுவேன். உங்களுக்காக உட்கார்ந்து படித்தபோதுதான் அது உயிருள்ளது என்பது உறைத்தது. வெளிச்சத்துக்கு வழிவிடுவதற்காக அதில் இரத்தக்குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அதன் பெரும்பாலான செல்கள் தம் உட்கருவையே விட்டுக்கொடுத்திருக்கின்றன. வாழ்நாள் முழுக்க அடுக்கின்மேல் அடுக்காக வளர்கிறது. பழையதை உதிர்ப்பதே இல்லை. அதன் மையம் நீங்கள் பிறப்பதற்கு முன்பே உருவானது. எழுபது வருட வெளிச்சம் அதன் வழியாகப் போய், போய், அதைப் பழுக்க வைத்திருக்கிறது. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்து, தூங்கிக்கொண்டிருந்த உங்கள் இமைகளைப் பார்த்தேன்.

முதலில் வலது கண்ணில் அறுவை செய்து, பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். அடுத்த நாள் கட்டைப் பிரித்ததும் நீங்கள் மருத்துவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மூலையில் தரை துடைக்க வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியைப் பார்த்தீர்கள்.

“அது என்ன மக்கா, இப்படி நீலமா இருக்கு?”

சூரியனிலிருந்து கோடிக்கணக்கான கிலோமீட்டர் வந்த நீலம், விழித்திரைக்கு ஒரு விரல் அகலம் முன்னால், அந்தப் பழுத்த லென்ஸில் பெரும்பகுதி நின்றுபோயிருக்கிறது. உள்ளே விடப்பட்டதும் அது ஒரு வாளியின் வடிவில் உங்களிடம் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கம் அக்காவின் ஷீட்டைக் கேட்டீர்கள். முற்றத்தில் நின்று வானத்துக்கு நேரே பிடித்தீர்கள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, உங்கள் இடது கண்ணை என் கையால் மறைக்கச் சொன்னீர்கள். பிறகு வலது கண்ணை. மறுபடியும் இடது கண்ணை. ஒரே ஷீட், இரண்டு தரம். கை தாழ்ந்தது.

“எப்பம் தொடங்கிச்சு மக்கா இது? எந்த நாள்ல இருந்து நான் தப்பாச் சொல்லுதேன்?”

அப்படி ஒரு நாளே இல்லை என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக வரும், மூளையும் கூடவே பழகிக்கொள்ளும், பார்க்கிறவருக்குத் தெரியாது. அறிவியலில் அது சரியான பதில். நீங்கள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது உங்கள் முகத்தில் தெரிந்தது. என் கண்ணால் பார்த்தேன் என்று யாராவது அடித்துச் சொல்லும்போது, நானே சொல்லும்போதும், அந்த முகம் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. கொஞ்சம் நிதானித்துக்கொள்கிறேன்.

மறுநாள் நடந்தது இது. மருத்துவர் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார். நீங்கள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கச் சொன்னீர்கள். நானும் வந்தேன். தங்கம் அக்கா ஷீட் அடித்துக்கொண்டிருந்தார்.

“ஷீட்டுல ஒண்ணும் இல்ல தங்கம். எனக்க கண்ணுலயாக்கும்.”

“அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஒமக்குத் தெரியணும்லா?” என்றவர், கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் பால் ஊற்றாத கட்டன்சாயா போட்டுக்கொண்டு வந்தார். நின்றபடியே குடித்தீர்கள். பிறகு ஆட்டோவில் ஏறி, நீங்கள் தரம் குறைத்துப் போட்ட அடுத்த வீட்டின் பெயரைச் சொன்னீர்கள்.